பூஜ்யம் ரூபாய் டிக்கெட்

படந்தாலுமூட்டில் ஏறினால்
மகளிருக்குக் கட்டணமில்லை.
களியக்காவிளையில் இறக்கிவிடுவார்கள்.
எல்லைக்கு அந்தப் பக்கம்
அதே பெண்ணுக்குப் பதினெட்டு ரூபாய்,
நெய்யாற்றின்கரை வரை.

இரண்டு பேருந்துக்கும் நடுவே
இருநூறு அடி நடை.
மீன்பெட்டித் தண்ணீரைத் தாண்டி,
கோழி லாரிக்கு ஒதுங்கி,
ஓடிப்போய்த் தொற்றிக்கொள்வேன்.
"சேச்சி, சில்லறை" என்பார் ஸ்ரீகண்டன்.
ஏழு வருடமாக அந்த இரண்டே சொல்.

லேபில் ரத்தம் எடுப்பது என் வேலை.
ஏழு மணிக்கே வெறும் வயிற்றோடு
வரிசையில் நிற்பார்கள்.
நான் பிந்தினால் அவர்களுக்குத் தலைசுற்றும்.
இதைச் சொல்லித்தான்
எட்வின் கார் வாங்கினார்.
ஆல்ட்டோ. இரண்டாம் கை. சாம்பல் நிறம்.

என் சம்பளம் பதினாறாயிரம்.
தவணை ஆறாயிரத்து நானூறு.
பெட்ரோல் நாலாயிரம் குடிக்கும்.
இன்சூரன்ஸ் வருடத்துக்கு ஒருமுறை வந்து
மகளின் ஹாஸ்டல் கட்டணத்தோடு
மல்லுக்கு நிற்கும்.

போகும்போது முப்பது நிமிடம்; பொய் சொல்லக்கூடாது,
ராணி மாதிரிதான் போனேன்.
திரும்பும்போது
பாறைப்பொடி ஏற்றிய டாரஸ்கள்
சோதனைச்சாவடியிலிருந்து வால் நீட்டிக் கிடக்க
ஒன்றேகால் மணி நேரம்.
பக்கத்தில் ஸ்ரீகண்டனின் பேருந்தும்
நகராமல் நின்றது.
அதில் ஐம்பது பேர்.
ஒருத்தி இன்னொருத்திக்கு
அவிழ்ந்த பின்னலைப் போட்டுக்கொண்டிருந்தாள்.
இங்கே ஏசி, நான்,
பெல்ட் போடாத மூன்று காலி இருக்கைகள்.

மகளுக்குப் பிளஸ் ஒன்னில்
அரசு கொடுத்த சைக்கிள் ஒன்று இருந்தது.
அவள் கோயம்புத்தூர் போனபின்
ரப்பர் ஷீட் உலர்த்தும் கயிற்றுக்கு
ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது.
இரண்டு டியூப், ஒரு செயின் மாற்றினேன்.
களியக்காவிளை வரை மிதித்துவிட்டு
ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் பூட்டுவேன்.

"காருக்கு என்ன கேடு?" என்றாள் கிரேஸ்லின்.
"ஒரு கேடும் இல்லை" என்றேன்.
அவளுக்கு அது பதிலாகப் படவில்லை.
புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில்
கடன் பாரத்தால் நொந்திருக்கும்
ஒரு குடும்பத்துக்காக
பெயர் சொல்லாமல் ஜெபித்தார்கள்.
நானும் ஆமென் சொன்னேன்.

ஒருநாள் டிப்பர் ஒன்று
முழங்கையை நக்குவது போல உரசிப் போனது.
ஓடைக்குள் இறங்கி
சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன்.
காரின் தகரத்தை அப்போது நினைத்தேன்.
தகரத்துக்கும் ஒரு கருணை உண்டு.

ஐப்பசியில் ஓர் இரவு, ஒன்றரை மணி,
எட்வினுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது.
ஆம்புலன்ஸ் வருகிறேன் என்றது.
மழையில் நான் காரை எடுத்தேன்.
பாறசாலை ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு நிமிடம்.
வாயு என்றார்கள். ஊசி போட்டார்கள்.
அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை
எந்தப் பத்தியில் எழுத?
லேபில் என்றால்
எழுபதிலிருந்து நூறுவரை இயல்பு என்று
தாளிலேயே அச்சடித்திருக்கும்.

போன மாதம் கார் பார்க்க
பாறசாலைக்காரர் ஒருவர் வந்தார்.
இங்கே தடையில்லாச் சான்று, அங்கே வரி,
புது எண், புதுப் பலகை என்று
விரல் மடக்கினார்.
எட்வின் கதவைத் திறந்து மூடிக் காட்டினார்.
மறுபடி மூடியபோது
அந்தச் சத்தத்துக்கு அவரே தலையைச் சாய்த்தார்.
"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார்.

இன்னும் சொல்லவில்லை.

மழை நாளில் மட்டும்
அந்த இலவசச் சீட்டு என் கையில்.
பூஜ்யம் என்று அச்சடித்திருக்கிறது.
யாரோ கொடுத்திருக்கிறார்கள்,
டீசலுக்கு, டிரைவருக்கு,
நான் பார்த்திராத யாரோ.
கசக்கிப் போட மனம் வராமல்
பையின் சின்ன ஜிப்பில் வைப்பேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து
பேட்டரி செத்துவிடாமல் இருக்க
எட்வின் காரை நின்ற இடத்திலேயே
பத்து நிமிடம் ஓடவிடுவார்.
புகை போய் ரப்பர் ஷீட்டில் படியும்.
அந்நேரம் நான்
செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பேன்.
இருவரும் ஒன்றும் பேசுவதில்லை.