பதினோரு மாதம்

கன்னியப்பன் வீட்டுக்குக் குடிபோனபோது
சம்ப்புக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே
முறம் அகலத்துக்கு மண் இருந்தது.
மண் என்றால் பாதி சிமென்ட், பாதி சிப்பி.
எர்ணாவூரில் அதற்கு மேல் கேட்டால்
அட்வான்ஸைக் கூட்டிவிடுவார்கள்.

மே மலர்க் கிழங்கு வைக்கலாம் என்றேன்.
தனிஸ்லாஸ் புன்னை என்றான்.
தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற வரிசையில்
சண்டை நடந்தது.

உன் கிழங்கு வருஷத்தில் பத்து நாள் பூக்கும்,
மீதி நாளெல்லாம் இருக்கிறதா செத்ததா என்று
விரலால் தோண்டிப் பார்ப்பாய், என்றான்.
கண்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன்.
எதை எங்கே வைத்தாலும்
மறுநாள் அது அங்கே இருப்பதில்லை.
அவனுக்குப் பார்த்த இடத்தில் நிற்கிற ஒன்று வேண்டும்.

உன் மரம் எப்போதும் பச்சை, ஒப்புக்கொள்கிறேன்,
இந்த ஊரில் எந்த இலை பச்சையாகத் தெரிகிறது, என்றேன்.
கொடியில் காயப்போட்ட என் லேப் கோட்டு
மத்தியானத்துக்குள் சாம்பல் பூத்துவிடுகிறது.
மரத்துக்கும் தினம் முகம் துடைக்கவா?
கிழங்குக்குப் புத்தி உண்டு.
காற்று கெட்டுக் கிடக்கும் மாதங்களில் அது
வெளியே தலைகாட்டுவதில்லை.

கன்னியப்பன் தீர்த்துவைத்தார்:
"மரம்லாம் வேணாம்மா, வேரு சம்ப்ப ஒட்ச்சிரும்.
பூவுன்னா வெச்சிக்கோ."
ஜெயித்தேன். இரண்டு நாள் அவன் பேசவில்லை.

வெங்காயம் மாதிரி நாலு கிழங்கை
கழுத்து வெளியே தெரிய நட்டேன்.
ஜூன் மாதம். பூக்கிற காலம் முடிந்திருந்தது.
இலை விட்டது, அகலமாய், கொஞ்சம் அலட்சியமாய்.
ஐப்பசி மழையில் அழுகாமல் தப்பியது.
மார்கழியில் மஞ்சளாகிப் படுத்துக்கொண்டது.
தை, மாசி, பங்குனி
ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லையின் மேல்
யாரோ சைக்கிளைச் சாய்த்தார்கள். நகர்த்தினேன்.
செங்கல் அடுக்கினார்கள். எடுத்தேன்.

வீட்டுப் பத்திரத்தில் பதினோரு மாதம்.
கிழங்குக்குப் பன்னிரண்டு.
கன்னியப்பன் மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டுமாம்.
ஏப்ரல் கடைசி ஞாயிறு
தோசைத் திருப்பியால் தோண்டினேன்.
நாலு, ஒன்பதாகியிருந்தது.
ஒன்றின் உச்சியில் சிவப்பாய் ஒரு முனை,
பல் முளைக்கப்போகும் ஈறு மாதிரி.
டிபன் பாக்ஸில் ஈரத்துணி சுற்றி
டாட்டா ஏஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

கொருக்குப்பேட்டை. இரண்டாவது மாடி. பெயின்ட் வாளி.
ரயில்வே கேட்டில் எல்லா வண்டியும் ஹாரன் அடித்த ஒரு காலையில்
பந்து பந்தாய்ச் சிவந்து நின்றது.
தனிஸ்லாஸ் குனிந்து பார்த்தான்.
பத்து நாள்தான், என்றான்.
ஒன்பதாம் நாளே வாடியது.

அன்றைக்குத்தான் சொன்னான்.
எர்ணாவூரில் இருந்தபோதே,
எனக்கு நைட் டூட்டி இருந்த ஒரு ராத்திரி,
டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால்
யார் பத்திரத்திலும் இல்லாத இடத்தில்
ஒரு புன்னங்கன்று வைத்தானாம்.
அரிசி களைந்த தண்ணீரெல்லாம் அதற்குத்தான் போனதாம்.
சிகரெட் பிடிக்கப் போகிறான் என்று
நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஏழு வருஷம், மூன்று வீடு.
என் கிழங்கு முப்பதைத் தாண்டி
பக்கத்து வீடுகளுக்குக் கைமாற்றாய்ப் போயிருக்கிறது.
போன மாதம் எண்ணூர் பஸ்ஸில் வரும்போது
அவன் சட்டென்று எழுந்து நின்றான்.
இறங்கினோம்.

இலையெல்லாம் கரித்தூள்.
ஒன்றைக் கட்டைவிரலால் துடைத்தேன்.
அடியில் எண்ணெய் தேய்த்தது போல அந்தப் பச்சை.
மேல் கிளையில் வெள்ளையாய்ப் பூ.
பூக்கும் என்று இவன் ஒரு நாளும்
வாதத்துக்குக்கூடச் சொல்லவில்லை.

அடிமரத்தில் ஆணி அடித்து
ஒரு அட்டை தொங்கியது: வீடு வாடகைக்கு.
கீழே நம்பர்.
போனை எடுத்தான். சும்மா விசாரிக்கத்தான், என்றான்.

என்ன சொல்கிறார்கள்?
கீழ் வீடாம், சம்ப்பு இருக்காம், என்றான்.
அப்புறம் என்னைப் பார்க்காமல்,
பதினோரு மாசமாம்.