கூறப்படுகிறது

மின்ட் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த இரண்டு நாளில்
முப்பத்தெட்டு கட்டுரைகளைத் திருத்தினேன்.
எல்லாவற்றுக்கும் ஒரே நோய்:
கருதப்படுகிறது, அறியப்படுகிறது, கூறப்படுகிறது.
யார்? யார்? என்று ஓரத்தில் எழுதி எழுதி
சிவப்புப் பேனாவின் மூடி தொலைந்தது.

பாடநூலின் மாதிரிக் கட்டுரையில்
எப்போதும் லண்டனில் பனி பெய்யும்.
அதை வைத்து எதை நடத்த?
இவர்கள் எழுதியதிலேயே ஒரு பத்தியை எடுத்தேன்.
பெயர்மேல் ஒயிட்னர் பூசி, ஊதிக் காயவைத்து
கல்லூரி எதிரே நாற்பது ஜெராக்ஸ்.
அறுபது ரூபாய்க்கு ஐம்பத்தைந்து வாங்கிக்கொண்டார்.

‘வியாசர்பாடியின் தாழ்வான பகுதிகளில்
இடுப்பளவு நீர் தேங்கியதாகக் கூறப்படுகிறது.
மக்கள் பெரிதும் அவதியுற்றதாக அறியப்படுகிறது.’

மதியம் இரண்டு மணி.
மூன்று ஃபேனில் ஒன்று சுற்றியது.
இதில் என்ன குறை?
ஆதாரம் இல்லை என்றாள் ஷகீரா.
பெரிதும் என்றால் எவ்வளவு என்றது கடைசி பெஞ்சு.
வகுப்பு நன்றாகப் போகிறது என்று நினைத்தேன்.

ஒயிட்னர் பெயரைத்தான் மறைக்கும்.
ழகரத்தின் வாலை அப்படி இழுத்துச் சுழிப்பவன்
வகுப்பில் ஒருவன்தான்.
எல்லாத் தலையும் ஜன்னலோரம் திரும்பிய பிறகே
எனக்கு உறைத்தது.

டில்லிபாபு எழுந்தான்.
ஜெராக்ஸில் கறுத்துப்போன என் ‘யார்?’மேல்
விரலை வைத்தான்.
“நான்தான் மேடம். எங்க வீடுதான்.
இடுப்புன்னா எங்கம்மா இடுப்பு.
எனக்கு மார் வரைக்கும் வந்துச்சு.
கேஸ் சிலிண்டர் மிதந்து போய் கதவ இடிச்சிச்சு.
ஆளுன்னு நெனச்சி எங்கப்பா
யாருன்னு கேட்டாரு.”
சிரிப்பு. அவனும் சிரித்தான்.

“அப்புறம் ஏன் இதை எழுதல?”

“‘நான்’னு எழுதக் கூடாதுன்னு
மொதல் நாள் நீங்கதான மேடம் சொன்னீங்க.”

சொன்னேன்.
ஜூலையில், பலகையில், இரண்டு அடிக்கோடு போட்டு.
எனக்கும் யாரோ சொன்னதுதான்.

மீதி நேரம் முழுக்க
சிலிண்டர் எந்த வாக்கியத்தில் வரும் என்பதும்
அடிக்குறிப்பில் அம்மா வரலாமா என்பதும்தான்.
நேர்காணல், கன்னியம்மாள், வயது நாற்பத்தாறு.
வரலாம் என்று கை தூக்கி முடிவாயிற்று.
வெள்ளம் வந்த தேதி கேட்க
அவன் வெளியே போய் போன் செய்தான்.
“எதுக்குடா இப்போ?” என்ற குரல்
ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது.

இரவு, பரண்மேலிருந்து
என் ஆய்வேட்டை இறக்கினேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
பென்சிலால் எண்ணத் தொடங்கி
முதல் இயலிலேயே எழுபதைத் தாண்டிவிட்டது.

வெளியே மழை பெய்வதாகத் தெரிகிறது.
இல்லை,
பெய்கிறது. கை நீட்டிப் பார்த்தேன்.
கொடியில் துணி கிடக்கிறது.