உருப்படி நாற்பத்தொன்று

மணிக்கூடு, சட்டைப்பைக்குரியது, பொன், ஒன்று.
இங்கிலாந்துத் தயாரிப்பு. சாவி இல்லை.
நான்தான் வாசித்தேன்.
ஏலப் பட்டியலில் தங்க நிறைக்கான கட்டம் மட்டும்
வெறுமையாகக் கிடந்தது.

"உள்ளுக்கிருக்கிறதைக் கழட்டாம
எப்பிடி நிறுக்கிற?" என்றார் முகாமையாளர்.
புளியந்தீவில் பதினொரு மணி வெயில்.
வாவிப் பக்க யன்னல் திறந்திருந்தும்
வாங்க வந்தவர்களின் மூச்சு
அறைக்குள்ளேயே நின்றது.

காத்தான்குடி உவைஸ் ஹாஜியார் மூடியைத் திறந்து
வில்லையை ஒற்றைக் கண்ணில் இடுக்கிக்கொண்டார்.
ஒரு கிரீடம். ஒரு பதினெட்டு.
உழுந்தளவில் ஒரு மிருகத் தலை.
"பூனையா?"
"சிறுத்தை," என்றார் ஆரையம்பதிப் பத்தர்,
"லண்டன்காரன் அடிக்கிற முத்திரை."
"சிறுத்தையோ பூனையோ, உருக்கினா ஒண்டுதான்."
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பேரேட்டில் பதினான்கு தரம் ஒரே கையெழுத்து.
எர்மின் அன்ராடோ.
டச்பார் என்றிருந்த முகவரி
நடுவில் பனிச்சையடி ஆகிறது.
காரணம் எழுதக் கட்டம் கிடையாது,
அவ கேட்காமலே சொல்லுவா:
கூரைத் தகரம். மகனுக்குக் கட்டார் ரிக்கற்.
ஒருமுறை, பல்லுக் கட்ட.
பூட்டனிடம் ஒரு துரை சீட்டில் தோற்றது என்பா;
அடுத்த முறை வரும்போது
கப்பல் உடைந்து கரையொதுங்கியது என்பா.
கடைசித் தரம் மட்டும்
ஒன்றும் சொல்லவில்லை.

முட்கள் மூன்று இருபத்தேழில் நின்றிருந்தன.
எந்த மூன்று இருபத்தேழு,
பகலா இரவா, எந்த ஆண்டு,
எவருக்கும் தெரியாது.
மணிக்கூடு நின்றது.
வட்டி நிற்கவில்லை.

பத்தர் ஊசியால் நெம்பினார்.
மட்டிக்குள்ளிருந்து சதை வருவதுபோல்
உள்ளுடம்பு முழுதாய்க் கழன்று
அவர் உள்ளங்கையில் விழுந்தது.
விழுந்த அதிர்வில்
ஒரு சின்னச் சில்லு உசும்பியது.
டிக்.
அறை வாயை மூடிக்கொண்டது.
பதினேழு வரைக்கும் எண்ணினேன்,
பதினெட்டு வரவில்லை.
தராசில் கூடு மட்டும்:
ஐந்து பவுணும் சொச்சமும்.
ஹாஜியார் ஒரு தொகை சொன்னார்,
மேலே யாரும் போகவில்லை.

"உள்ளுடம்பு எனக்கு வேணாம்" என்றுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை அவ வந்தா,
கடன் கழித்த மிச்சக் காசுக்கு ஒப்பமிட.
நான் ஒரு கடித உறையையும் சேர்த்துத் தள்ளினேன்:
முகப்பு, முட்கள், சில்லுகள்.
இதற்கு ரசீது இல்லை,
எந்தப் பக்கத்தில் எழுதுவதென்றும் தெரியவில்லை.

உறைக்குள் எட்டிப் பார்த்தா.
"கடல் வந்த அண்டைக்கு இது உங்கட பெட்டிக்குள்ள.
நத்தாருக்கு மீட்பம் எண்டுதான் இரிந்த,
காசு காணல்ல.
மீட்டிரிந்தா அலுமாரியோட போயிரிக்கும்.
அலுமாரி போன பக்கம்தான்
மற்றதும் போன."

மற்றதும், என்று
அஃறிணையில் சொன்னா.
நான் திருத்திக் கேட்கவில்லை.
பக்கத்து மேசையில் ஒருத்தர்
காப்பு ஒன்றைக் கல்லில் உரசிக்கொண்டிருந்தார்.

காசை எண்ணினா. திரும்ப எண்ணினா.
பிறகு உறையை என் பக்கம் நகர்த்தி,
பழக்க தோசத்தில்தான் கேட்டிருக்க வேண்டும்:
"இதை வைச்சா என்ன தருவீங்க?"

"ஒண்டும் ஏலாது அன்ரி. இதில பொன் இல்ல."

"அப்ப சரி," என்றா,
உறையின் வாயை நாக்கால் நனைத்து ஒட்டிக்கொண்டே,
"இனியாவது வீட்ட இரிக்கும்."