ஒரே நேரம்

நேர வித்தியாசம் எவ்வளவு என்று
முதல் வாரமே வகுப்பில் கேட்டார்கள்.
இல்லை என்றேன்.
தில்லியில் ஆறு என்றால் கல்லடியிலும் ஆறு.
"அப்படியென்றால் பக்கம்தானே" என்றான் கான்பூர்ப் பையன்,
சமோசாவை இரண்டாய்ப் பிய்த்து
பெரிய பாதியை என் பக்கம் தள்ளியபடி.

அறைத்தோழி ஹிருத்துக்கு அப்படியில்லை.
அடிஸ் அபாபாவில் பொழுது விடிந்த பிறகுதான்
மணி எண்ணத் தொடங்குவார்களாம்.
கைக்கடிகாரத்தை அவள் இன்னும் மாற்றவில்லை.
அதைப் பார்த்து நான்
இரண்டு விரிவுரைகளைத் தவறவிட்டிருக்கிறேன்.
அழுகிற நாட்களில் அவளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது:
இங்கே ஒன்று, அங்கே நாலரை,
தங்கச்சிக்கு இப்போது இடைவேளை.
கழித்து முடிக்கும்போது அழுகை நின்றுவிடும்.
எனக்குக் கழிப்பதற்கு ஒன்றுமில்லை.

சனவரியில் ஒரு நாள்
ஆறரைக்கு அம்மா எடுத்தா.
அவவின் தோளுக்குப் பின்னால் நல்ல வெயில்,
கொடியில் நிரோஜனின் வெள்ளைச் சேட்டு கண்ணைக் கூசியது.
"விடிஞ்சாப் பிறகும் லைற்றைப் போட்டுக்கொண்டு இருக்கிறாய்,
கரண்டுக் காசு ஆர் கட்டுறது?"
போனை ஜன்னலுக்குத் திருப்பினேன்.
விஜய் நகர் முழுக்க இருட்டு.
மூடுபனிக்குள் ஒரு பால்காரரின் மோட்டார் சைக்கிள்
தன் வெளிச்சத்தைத் தானே துரத்திக்கொண்டு போனது.
"அங்க இன்னும் ராவோ?"
நம்பாமல் மணி கேட்டா.
சொன்னேன்.
அதே மணிதான்.

வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில்
ஒரு முழுப் பகல்.
கடவுச்சீட்டைப் புரட்டியவர் நிமிர்ந்து
"தமிழா? அப்போ மதராஸ்" என்றார் ஹிந்தியில்.
இல்லை என்று சொல்ல
நான் கற்ற ஹிந்தி போதும்.
அதற்குப் பிறகு சொல்லவேண்டியதற்குப் போதாது.

பொங்கலுக்குக் கோமதி சங்கரன்கோவில் போனாள்.
பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன்வரை போனேன்.
பெட்டியின் பலகையில் சென்னை என்று
தமிழில் எழுதியிருந்தது.
ஏறி அவளுடைய இருக்கையில்
ஐந்து நிமிடம் இருந்து பார்த்தேன்.
இரண்டு இரவு ஓடுகிற வண்டி,
எங்கள் வீட்டுப் பக்கமாகத்தான் போகிறது.
போய், கடலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும்.
"நீயும் வாயேன்டி" என்றாள்.
சிரித்துவிட்டு இறங்கினேன்.
திரும்பி வந்தபோது எனக்கென்று
ஒரு சம்படம் முறுக்கு கொண்டுவந்தாள்.
"ஊர் ஞாபகம் வருதா?" என்று கேட்டாள், நான் கடிக்கக் கடிக்க.
நல்ல முறுக்கு.
எங்கள் வீட்டில் முறுக்கே சுடுவதில்லை.

மாசி பிறந்து ஒரு கிழமை.
வேலையால் வந்த அம்மா சாறிகூட மாற்றாமல்
தேத்தண்ணியோடு போனுக்கு முன்னால் இருந்தா.
காணிக் கந்தோரில் ஒரு கோப்பு காணாமல் போய்
ஆளை ஆள் பார்த்த கதை.
பெரியவர் தன் லாச்சியைத் திறக்கவே விடவில்லையாம்.
கதை நடக்கும்போதே
அவவின் முகம் மங்கிக்கொண்டு வந்தது.
சிக்னல் என்று நினைத்தேன்.
திரையின் மூலையில்
என் முகமும் மங்கியிருந்தது.
"பொறு மகள், லைற்றைப் போட்டுட்டு வாறன்."
நானும் எழும்பினேன்.
கொஞ்ச நேரம்
இரண்டு பக்கமும் வெறும் கதிரை
ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

வந்து இருந்தா. என்னைப் பார்த்தா.
"அங்கயும் இருண்டிட்டோ?"
"ஓம் அம்மா. இப்பதான்."
ஏதோ சொல்ல வாயெடுத்து
தேத்தண்ணியைக் குடித்தா.

நாளைக்கு இங்கே ஒரு நிமிடம் பிந்தும்.
ஆனி வரும்போது
அவ விளக்குப் போட்டு முக்கால் மணித்தியாலம் கழிந்தும்
நான் வெயிலுக்குள் நிற்பேன்.
கணக்குப் பார்த்துக்கொண்டே படுத்தேன்.
எனக்கும் கழிப்பதற்கு ஏதோ வந்துவிட்டது.

கோப்புக் கிடைத்ததோ என்று
கேட்க மறந்துபோனேன்.