இணைப்பு ஏழு

சித்ராவில் எண்ணெய்க் குதங்கள் இன்னும் புகைகின்றன.
மனாமாவில், நாலாவது மாடியில்,
பக்கத்துக்கு மூன்று தினார் என்று பேசி
மொழிபெயர்க்க உட்கார்ந்திருக்கிறேன்.

இறந்தவர் மீரான் பிச்சை.
பம்பு இயக்குநர், இரவு முறை.
மிஞ்சியவை: இடது கால் செருப்பு,
ஒரு கைப்பேசி. திரை நொறுங்கிவிட்டது, குரல் கேட்கிறது.

மேசையில் இரண்டு கோப்புகள்.
பச்சை அட்டை போர்ச் சட்டம்.
அது நிதானமாக விசாரிக்கிறது:
அந்தக் குதம் யாருடைய கப்பலுக்கு எண்ணெய் ஊட்டியது?
வால்வைத் திருகிய கை
சண்டையில் நேரடியாக இறங்கிய கையா?
கிடைத்த ஆதாயத்துக்கு இந்த ஓர் உயிர்
மிகையா, தாங்கக்கூடியதா?
தராசு வைத்திருக்கிறது.
படிக்கல் யார் கொடுத்தது என்று எழுதவில்லை.

சாம்பல் அட்டை மனித உரிமை.
அதற்கு ஒன்றுக்கு மேல் எண்ணத் தெரியாது.
இவன் ஏன் செத்தான், யார் பதில் சொல்வது என்று
கடன் கொடுத்தவன் மாதிரி
வாசலிலேயே நிற்கும்.

சிறப்புச் சட்டம் வந்தால் பொதுச் சட்டம்
சற்று விலகி வழிவிடும் என்கிறார் வழக்கறிஞர் ஹுதா.
எவ்வளவு விலகும்?
ஆரஞ்சு உரித்தபடியே சொல்கிறார்:
"அதை அளந்தே ஐம்பது வருடமாகச் சம்பளம் வாங்குகிறார்கள்."

பச்சைக் கோப்பு, பதினோராம் பத்தி:
தாக்கும் முன் எச்சரிக்கை தரப்பட்டது, இரவு 9.40.
பொதுமக்கள் அப்பகுதியை விட்டு நீங்கவும்.

சாம்பல் கோப்பு, நான்காம் பத்தி:
கடவுச்சீட்டு நிறுவனத்தின் இரும்புப் பெட்டியில்.
முறை முடியும்வரை வாயிலுக்குப் பூட்டு.
சாவி மேற்பார்வையாளரிடம்.
அவர் எச்சரிக்கை கேட்டுப் போய்விட்டார்.

இரண்டு பத்திகளும் இதுவரை
ஒரே தாளில் சந்தித்ததில்லை.
இன்று நான் அடுத்தடுத்துத் தட்டச்சு செய்தேன்.
வேறொன்றும் செய்யவில்லை.

ஆநிரை கவர வெட்சி, மீட்கக் கரந்தை,
மதிலை வளைக்க உழிஞை என்று
பூ வைத்துப் போர் செய்த மொழி என்னுடையது.
உள்ளே பூட்டப்பட்டவனுக்கு என்ன பூ?
தேடிப் பார்த்தேன். மதிய உணவு ஆறிவிட்டது.

எச்சரிக்கை மூன்று மொழிகளில் வந்ததாம்.
தமிழில் இல்லை.
"இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்?
எழுதுங்கள், இணைப்பு ஏழாகச் சேர்ப்போம்" என்கிறார் ஹுதா.

நீங்கவும். அடித்தேன்.
வெளியேறவும். பேருந்துக் கதவில் எழுதியது போல.
அகலுக. கல்வெட்டு.

கைப்பேசியைக் காதில் வைத்தேன்.
9.52. ஏர்வாடியில் நள்ளிரவு தாண்டியிருக்கும்.
மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே ஜொகரா:
"டிவில என்னமோ காட்டுதாங்க.
எல்லாத்தயும் போட்டுட்டு வெளிய வந்துருங்க.
கேக்குதா?"

கேட்டிருக்கிறார். நீலக் குறி விழுந்திருக்கிறது.

இணைப்பு ஏழு என்று தலைப்பிட்டு
அதை அப்படியே எழுதினேன்.
எதிர்ப்பக்கத்தில் அரபி.
கடைசிச் சொல்லில்தான் கை நின்றது.
அரபியில் கேள்விக்குறி
மறுபக்கம் திரும்பி நிற்கும்.