பதினோரு ஆணிகள்

முதல் நாள் ஈயம் இருந்தது.
தேயிலைப் பெட்டியின் உள்தகடு,
நார்சிஸின் மீன்வலைக் குண்டுகள்,
பாதிரியார் பார்க்காதபோது கோயிலிலிருந்து எடுத்த
மெழுகுவர்த்தித் தண்டு ஒன்று.
நான் ரொட்டி சுடும் சட்டியில்தான் எல்லாம் இளகின.
குளிர்ந்ததும் எண்ணிக் கொடுத்தேன்.
ஆளுக்குப் பன்னிரண்டு.
கூடக் கேட்டவனிடம் கரண்டியைக் காட்டினேன்.

சஸ்காச்சுவான் ஆறு அப்போதுதான்
பனிக்கட்டியை உதறியிருந்தது.
அவர்களுடைய நீராவிப் படகு வந்த நேரம்
தோணித்துறைக் கம்பியைத் தாழ்த்தினோம்.
புகைபோக்கிகள் கழுத்தோடு போயின.
கரையே சிரித்தது.
நாங்கள் சிரித்ததை
யாரும் எழுதி வைக்கப் போவதில்லை.
அதனால் சொல்கிறேன்.

கரைமண்ணில் தோண்டிய குகைக்குள்
எதற்கம்மா இந்தச் சண்டை என்றாள் அத்தாலி.
நம் நிலம் ஆற்றிலிருந்து நாடா மாதிரி நீளும்,
எல்லார் வாசலுக்கும் தண்ணீர் உண்டு,
சங்கிலியோடு வந்தவர்கள்
அதன்மேல் கட்டம் போட்டார்கள் என்றேன்.
ஒரு கட்டத்தில் நம் அடுப்பு,
அடுத்ததில் நம் மாட்டுக்கொட்டில்.
அப்பன் வழி பிரெஞ்சு, அம்மா வழி கிரீ,
எந்தக் கட்டத்திலும் சேராதவர்கள் நாம்.
மனு போட்ட தாள்களைச் சேர்த்து வைத்திருந்தால்
இந்தக் குகையில் குளிர் காய்ந்திருக்கலாம்.
அதற்குள் அவள் தூங்கிப்போயிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமையும் சுட்டார்கள்.
கைப்பிடியைத் திருகினால்
நிற்காமல் துப்பும் பீரங்கி ஒன்று,
திரிகை அரைக்கிற மாதிரி.
பாப்ளர் மரங்களின் புதுத்துளிர்
எங்கள் தலைமேல் உதிர்ந்துகொண்டே இருந்தது.

மூன்றாம் இரவு
நார்சிஸ் குகை வாசலில் குனிந்து
கதவு என்றான்.
அவ்வளவுதான்.

கல்யாணம் ஆன இலையுதிர்காலத்தில் செய்த கதவு.
பைன் பலகை, தோல் கீல், பதினோரு ஆணி.
ஏழாவதை அடிக்கும்போது
அவன் அத்தையைப் பற்றி நான் ஏதோ சொல்லிவிட்டேன்.
சிரித்துக்கொண்டே ஓங்கினான்.
ஆணி கோணிக்கொண்டது,
தலை ஒரு பக்கம் நசுங்கிப் போனது.
அப்படியே இருக்கட்டும் என்றேன்.

ஒவ்வொன்றாகப் பிடுங்கினான்.
கதவைச் சுவரில் சாய்த்தோம்,
நெடுந்தூரம் நடந்து வந்தவன்போல
சாய்ந்து நின்றது அது.

நாலாம் நாள் பிற்பகல்
மேட்டிலிருந்து கத்திக்கொண்டு இறங்கினார்கள்.
குகைக்குள்ளிருந்தே தெரிந்துகொள்ளலாம்:
ஈயம் முனகும்,
கூழாங்கல் படபடக்கும்,
ஆணி சீழ்க்கையடிக்கும்.
எண்ணினேன்.
பத்தோடு நின்றுவிட்டது.

எருமை வேட்டைக்காரர்கள்
அடுத்த குண்டை வாயில் அடக்கியிருப்பார்கள்,
குதிரைமேல் கை ஒழியாது என்று.
குழியில் நார்சிஸைக் கண்டபோது
கன்னம் ஒருபக்கம் புடைத்திருந்தது.
விரலை விட்டு எடுத்தேன்.
நேரான ஆணி, இன்னும் சூடாக.

மறுநாள் என் வீடுதான் அவர்களுடைய மருத்துவமனை.
கதவில்லாத வாசல் வசதி என்றார்கள்,
தூக்கிவர இடிக்காது.
மேசைமேல் ஒன்டாரியோ பையன் ஒருவன்,
மீசை இன்னும் முடிவெடுக்கவில்லை.
தொடையிலிருந்து வைத்தியர் எதையோ பிடுங்கி
என் ரொட்டிச் சட்டியில் போட்டார்.
டங்.

காட்டுமிராண்டிகள், ஆணியால் சுடுகிறார்கள் என்று
பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.
அந்த மொழியில் எனக்கு அவ்வளவு புரியும்.

பையன் தண்ணீர் கேட்டான்.
கொடுத்தேன். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ராத்திரி சட்டியைக் கழுவும்போது பார்த்தேன்:
கோணல் உடம்பு,
ஒரு பக்கம் நசுங்கிய தலை.

அவர்கள் போக இரண்டு வாரம் ஆனது.
கதவைத் தூக்கி நிறுத்தினேன்,
அத்தாலி முதுகு கொடுத்தாள்.
ஆணியைக் கல்லில் வைத்து நிமிர்த்தி
பழைய ஓட்டையில் வைத்து ஓங்கினேன்.

நேராக இறங்கியது.
சிரிக்க இந்த முறை ஆள் இல்லை.