மேல்நோக்கி வளரும் அடுக்கு

பார்துபிட்ஸேயில், எங்கள் குடியிருப்பின்
ஏழாம் எண் நிலவறையில்
நாற்பத்தொரு கிலோ கணினி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.
அதைச் செய்த நிறுவனத்தை இன்னொன்று விழுங்கி
அதை மூன்றாவது விழுங்கி
மிஞ்சியது இன்று
மடிக்கணினிப் பைகளைத் தள்ளுபடியில் விற்கிறது.

மற்ற செயலிகளில் பெரும்பாலும்
நினைவகத்தின் அடுக்கு கீழ்நோக்கி வளரும்,
கிணற்றில் இறங்கும் வாளி மாதிரி.
இதில் மேலே ஏறும்.
ஏன் என்று பழைய கையேட்டைப் புரட்டினேன்.
யாரோ ஒருவர் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்:
அப்போது சரியென்று பட்டது.
அதோடு காரணம் தேடுவதை விட்டுவிட்டேன்.

பகலில் டிராலிபஸ் நிறுத்தங்களின்
அறிவிப்புப் பலகைகளுக்கு நிரல் எழுதுகிறேன்.
சம்பளம் அதற்கு.
இரவில், சம்பளம் இல்லாமல்,
கெர்னலில் இந்த ஒரு செயலிக்கான
இருபத்தாறாயிரம் வரிகளைப் பார்த்துக்கொள்கிறேன்.
ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு வரும்.
எங்கோ ஒருவர் எல்லோருக்கும் பொதுவான இடத்தில்
நல்ல எண்ணத்தோடுதான் ஒன்றைத் திருத்துவார்.
இங்கே நிலவறையில்
பாதி வாக்கியத்தில் திரை நின்றுவிடும்.

செப்டம்பரில் அப்படித்தான் நின்றது.
அதே வாரம் ஹெல்கே கேட்டிருந்தாள்:
இதை யாராவது இன்னும் பயன்படுத்துகிறீர்களா?
இல்லையென்றால் அடுத்த பதிப்பில் எடுத்துவிடலாமா?
மரியாதையாகத்தான் கேட்டாள்.
அவள் பக்கமும் நியாயம் உண்டு.
அவள் எந்தச் சுவரை நகர்த்தினாலும்
என்னுடைய இந்த ஒற்றைத் தூணைச் சுற்றித்தான் போகவேண்டும்.

கணக்குப் போட்டேன்.
நான்.
உருகுவேயில் ஒரு வானிலை நிலையத்தின் அன்செல்மோ,
ஓய்வு பெறும்வரை மாற்றமாட்டேன் என்றவர்.
ஆஸ்திராவாவில் ராடோவான்,
இரண்டு வருஷமாகப் பதில் இல்லை.
"பலர்" என்று எழுதினேன்.
அழித்தேன். "சிலர்."
அதையும் அழித்தேன்.

மூன்றாம் மாடி ப்ளாஷேனாவைச் சேர்ப்பதா என்று தெரியவில்லை.
போன வருஷம் மின்கட்டணத்துக்குச் சண்டை போட வந்தவள்.
பின்பக்கத்தில் கை வைத்துப் பார்த்தாள்.
உலர்ந்த காற்று, இடைவிடாமல்.
சண்டையை நடுவில் விட்டுவிட்டு மேலே போய்
ஒரு தட்டு நிறையக் காட்டுக் காளான் கொண்டுவந்தாள்,
மெல்லிசாக அரிந்து, சல்லாத்துணியில் பரப்பி.
அன்றிலிருந்து கட்டணத்தில் பாதி அவளுடையது.
மழைக்காலத்தில் இதை அணைத்துத் தொலைக்காதே,
பூஞ்சை பிடித்துவிடும், என்பாள்.

பதினான்காயிரம் மாற்றங்கள்.
பாதியாக வெட்டு, ஓட்டிப் பார்,
எந்தப் பாதியில் பிழையோ அதை மறுபடி வெட்டு.
ஒவ்வொரு முறையும் விழித்தெழ ஒன்பது நிமிடம்,
தன் நினைவகத்தை அது
கஞ்சன் காசு எண்ணுவதுபோல் எண்ணி முடிக்கவேண்டும்.
நான்கு இரவுகள்.
பதினான்காவது வெட்டில் ஒரே ஒரு வரி மிஞ்சியது.
எழுதியவர் எல்லா அடுக்கும் கீழே போகும் என்று நம்பியிருக்கிறார்.
ஒரு குறி. பெரிது என்று இருக்கவேண்டிய இடத்தில் சிறிது.
சந்தியில் விட்டுப்போன ஒற்று அளவுதான்.

திருத்தத்தை அனுப்பினேன்.
கூடவே ஹெல்கேவுக்கு:
இருவர். மூன்றாவது ஆள் உயிரோடிருக்கலாம்.
பொறுப்பாளர் பட்டியலில் என் பெயருக்கு எதிரே
"பராமரிப்பில்" என்றிருந்ததை நானே
"அவ்வப்போது" என்று மாற்றினேன்.
அதற்குக் கீழே இன்னும் ஒரு சொல்தான் இருக்கிறது: அநாதை.
ஹெல்கே வரியை ஏற்றுக்கொண்டாள்.
வசந்தத்தில் மறுபடி கேட்பேன் என்றாள்.

இரவு பதினொன்றரை.
ப்ளாஷேனா குளிர்கால அங்கியோடு இறங்கி வந்து
காளான்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள்.
இவ்வளவு நேரமாக என்ன செய்கிறது இது?
எண்ணுகிறது, என்றேன்.
எதை?
சொல்வதற்குள் எண்ணி முடித்துவிட்டது.

கறுப்புத் திரையில் ஒரு வரி:
பயனர் பெயர்?

தட்டச்சு செய்தேன், என் பெயரை,
ஒரு எழுத்து தப்பாக.
மறுபடி கேட்டது.